முப்பது பேரின் ராஜினாமா

வாசகத் தோழர்களே, சற்று நெருங்கி வாருங்கள். இங்கே ஓர் அநீதி நடந்திருக்கிறது. அதற்குச் சாட்சி வேண்டும். கொலை இல்லை. களவுபோன வைரம் இல்லை. இந்த அத்தியாயத்தில் ஒரு துளி இரத்தமும் சிந்தப்போவதில்லை. இருப்பது ஒரு தாள். அதில் முப்பது கையெழுத்துகள். அந்த முப்பது பேரும் ஒரே ஆலையில், ஒரே நாளில், பனி விழத் தொடங்கிய நவம்பர் மாதத்தில், "எங்களுக்கு இந்த வேலை வேண்டாம்" என்று தாமாகவே எழுதிக்கொடுத்து விலகினார்களாம். ஆலை நிர்வாகம் அப்படிச் சொல்கிறது. மாநில அலுவலகம் நம்பிவிட்டது. நீங்கள் நம்புகிறீர்களா?

நம்பாதவர் ஒருவர் மார்லோ நகரில் இருந்தார். டெல்பின் ஓஸ்ட்ரோவ்ஸ்கி, வயது அறுபத்தொன்று. இருபத்தாறு ஆண்டுகள் தொழிற்சங்க அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர். சங்கம் மூடப்பட்ட பிறகு, ஒரு சலவைக்கடையின் மாடியில் அறை பிடித்து, வேலை இழந்தவர்களின் காப்பீட்டு வழக்குகளைத் துப்பறிந்து வந்தார். ஒகையோ மாநிலத்தில் வேறெந்தத் துப்பறிவாளரின் தரையும் கீழே சுழலும் இயந்திரங்களால் நாள் முழுதும் அதிர்ந்துகொண்டிருக்கவில்லை.

அவருக்கு உதவியாளன் ராய்ஸ் டக்கெட். முன்னாள் மெத்தை விற்பனையாளன். கடை மூடப்பட்டதால் அவனும் வேலையிழப்புக் காப்பீட்டுத் தொகை பெறுபவன்தான். அதற்கு நிபந்தனையாக வாரந்தோறும் இரண்டு வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டு, அதைப் பதிவு செய்யவும் வேண்டும்.

"இந்த வாரம் சவப்பெட்டிக் கடைக்குப் போட்டேன், தலைவி," என்றான் அன்று காலை. "மெத்தை வித்த அனுபவம் உண்டுன்னு எழுதினேன். இங்க படுக்கறவங்க திரும்பி வந்து புகார் சொல்ல மாட்டாங்கன்னு அவங்களே ஆறுதல் சொன்னாங்க."

"வேலை கெடைச்சுதா?"

"இல்ல. சிரிச்ச மூஞ்சியா இருக்குன்னுட்டாங்க."

அப்போதுதான் பழுப்பு உறையொன்றை மார்போடு அணைத்தபடி வெர்னா டிப்டன் படியேறி வந்தார். வயது நாற்பத்துநான்கு. ஹால்வெக் ஜன்னல் ஆலையின் கண்ணாடிப் பிரிவில் ஏழு ஆண்டுகள் கண்ணாடி வெட்டியவர். வந்தவர் உட்காரவும் இல்லை. உறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது என் கையெழுத்துதான், மிஸ் டெல்பின். அதான் பயமா இருக்கு. நான் இப்படி ஒண்ணுல போடவே இல்ல. ஆனா என்னோடதுதான்."

"உக்காருங்க. என்னைக்கு விசாரணை?"

"இன்னைக்கு ரெண்டு மணிக்கு. போன்லயே."

ராய்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்பது இருபது. "பரவாயில்லையே. போன வாரம் வந்தவர் விசாரணை முடிஞ்ச மறுநாள்தான் வந்தாரு."

வெர்னா சொன்ன கதை சுருக்கமானது. அமெரிக்கர்கள் விருந்து வைக்கும் நன்றி நவிலும் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் மூன்றரை மணிக்கு, பணியாளர் மேலாளர் ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்று, கண்ணாடிப் பிரிவின் முப்பத்தொரு பேருக்கும் நாளை முதல் வேலை இல்லை என்று வாசித்தார். வெர்னா மறுநாளே வேலையிழப்புக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தார். ஐந்து வாரம் கழித்து மாநில அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: தாமாக விலகியவருக்கு உரிமை இல்லை. கூடவே ஆலை அனுப்பிய சான்றின் நகல். முதல் பக்கத்தில், "கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் எங்கள் சொந்த விருப்பத்தின்பேரில் பணியிலிருந்து விலகுகிறோம்" என்ற தட்டச்சு வரி. இரண்டாம் பக்கத்தில் முப்பது பெயர்கள், முப்பது கையெழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண்.

ஆலைக்கு இதனால் என்ன ஆதாயம் என்று கேட்பீர்கள். ஆலை தானாக ஆள்குறைப்புச் செய்தால், அது செலுத்த வேண்டிய காப்பீட்டு வரி அடுத்த ஆண்டு உயரும். தொழிலாளி தானாகப் போனால் உயராது. முப்பது குடும்பங்களின் குளிர்காலத்தை விழுங்கியது இந்தச் சிறிய சூத்திரம்தான்.

"மத்தவங்க மேல்முறையீடு பண்ணலையா?" என்று கேட்டார் டெல்பின் அம்மையார்.

"யாரும் பண்ணல. எல்லார் வீட்டுக்கும் இந்தத் தாள் வந்துது. சொந்தக் கையெழுத்தைப் பாத்ததும், 'ஏதோ படிக்காமப் போட்டுத் தொலைச்சிருக்கோம்'னு விட்டுட்டாங்க. நான் மட்டும்தான் எழுதிப் போட்டேன்."

"இன்னைக்குத் தோத்துட்டா?"

"வீட்டைச் சூடாக்கற கேஸ் டாங்க்ல கால்வாசிதான் இருக்கு. சமையலறை ஒண்ணுலதான் சூடு வெச்சிருக்கேன். அங்கேயே படுத்துக்கறேன். இன்னும் பத்து நாள் ஓடும். அப்புறம் வீட்டைக் காலி பண்ணிட்டு அக்கா வீட்டுக்குத்தான் போகணும். அவளுக்கே இடம் இல்ல."

டெல்பின் அம்மையார் இரண்டாம் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பூதக்கண்ணாடி எல்லாம் அவரிடம் இல்லை. படிக்கும் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டார்.

"வெர்னா, நீங்க கண்ணாடி வெட்டறவங்க. உங்க கை கோணுமா?"

"கோணினா விரல் போயிடும்."

"இதுல உங்க கையெழுத்து மாடிப்படி ஏறற மாதிரி இருக்கு. உங்களோடது மட்டும் இல்ல. முப்பதும் ஏறுது."

"ஒருவேளை எல்லாரும் குடிச்சிருந்தாங்களோ?" என்றான் ராய்ஸ்.

"ஏழு இடத்துல தண்ணி பட்டு மை ஊறியிருக்கு."

"குடிச்சிட்டு அழுதிருக்காங்க."

"இந்த எண்ணைப் பாரு. பதினொண்ணுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. இருபத்துநாலுக்கு மேலயும் இல்ல. வெர்னாவுக்குப் பதினாறு."

ராய்ஸ் குனிந்து எண்களின்மேல் விரலை ஓட்டினான்.

"வேலை போனது முப்பத்தொரு பேருக்கு. பட்டியல்ல முப்பது பேரு. விட்டுப்போனது யாரு?" என்று வெர்னாவிடம் கேட்டார் டெல்பின் அம்மையார்.

வெர்னா விரலை ஓட்டிப் பார்த்தார். "எம்மெட். எம்மெட் ஸ்க்ரக்ஸ்! ஆமா, அவருக்கு மட்டும் பணம் வருது. மூணாவது வாரத்துலேர்ந்தே வருது."

"ஆள் கெடைச்சாச்சு," என்று எழுந்தான் ராய்ஸ். "கம்பெனி கைக்கூலி. முப்பது பேரை ஏமாத்திக் கையெழுத்து வாங்கினதே அந்தாளுதான். வண்டி எடுக்கறேன் தலைவி."

வண்டியின் கதவில் மெத்தைக் கடையின் பழைய விளம்பரம் அழியாமல் இருந்தது: 'அரசனைப் போல் உறங்குங்கள்.' இருக்கையின் கம்பிச்சுருள் துருத்திக்கொண்டிருந்ததால் அதில் எவரும் பிச்சைக்காரனைப் போலும் உறங்க முடியாது. பதினேழு மைல் தொலைவு. இரு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்காடுகளில் பனி.

எம்மெட்டின் வீட்டு முன்னால் புத்தம் புதிய கம்பி வேலி பளபளத்தது. "பாத்தீங்களா? லஞ்சப் பணம்," என்று முணுமுணுத்தான் ராய்ஸ்.

கதவைத் திறந்தவர் ஆறடிக்கு மேல் உயரம். வேலையாடையில் தவிடு ஒட்டியிருந்தது. டெல்பின் அம்மையார் தாளைக் காட்டி, வந்த காரியத்தைச் சொன்னார். அவர் அதை வாங்கி இரு முறை படித்தார்.

"அம்மணி, இப்படி ஒரு தாளை எவனும் என்கிட்ட நீட்டல. யார்கிட்டயும் நீட்டினதைப் பாக்கவும் இல்ல. பலகை மேல ஏறினான், வாசிச்சான், இறங்கினான். அவ்வளவுதான்."

"புது வேலிக்கு எங்கேர்ந்து வந்துது?" என்றான் ராய்ஸ், இரும்புக் குரலில்.

"மச்சினன் கம்பிக்கடை வெச்சிருக்கான். கடன். ஏன், உனக்கும் வேணுமா?"

ராய்ஸ் இரும்பைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"எம்மெட்," என்றார் டெல்பின் அம்மையார், "அந்த நாளைக் காலைலேர்ந்து நெனச்சுப் பாருங்க. அன்னைக்கு மத்த முப்பது பேரும் செஞ்சு, நீங்க மட்டும் செய்யாதது ஏதாவது உண்டா?"

எம்மெட் தாடையைச் சொறிந்தார். "மதியம் எல்லாரும் வரிசைல நின்னாங்க. நான் நிக்கல. நான் எந்த வருஷமும் நிக்கறதில்ல."

"என்ன வரிசை?"

அவர் பதில் சொல்லாமல் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார். புதிய வேலிக்குப் பின்னால் எட்டு வான்கோழிகள் நின்றன. எட்டும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி மூவரையும் பார்த்தன.

"திருநாளுக்கு ஆலைல ஆளுக்கொரு வான்கோழி குடுப்பாங்க," என்றார் எம்மெட். "குளிர்பெட்டி லாரி முற்றத்துல வந்து நிக்கும். நானே வளக்கறேன். உறைஞ்சுபோன ஒண்ணைத் தூக்கிட்டு வந்து, இதுங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

ஒரு வான்கோழி தொண்டையைக் கனைத்தது.

"வாங்கினதுக்குக் கையெழுத்துப் போடணுமா?" டெல்பின் அம்மையாரின் குரல் தணிந்திருந்தது.

"பின்ன? லாரிக்காரன் அட்டைல தாள் செருகி வெச்சிருப்பான். ஒரு கைல கோழியை அணைச்சுக்கிட்டு இன்னொரு கையால போடணும். எடையையும் எழுதிக்குவான். ஒரு வருஷம், 'அவனுக்குப் பெரிசு, எனக்குச் சிறுசு'ன்னு அடிதடி ஆயிடுச்சு. அதுலேர்ந்து அப்படி. முதல் தாள்ல கோழிப் படம் போட்டு, நன்றின்னு அடிச்சிருக்கும்."

தோழர்களே, இப்போது அந்தத் தாளை மீண்டும் பாருங்கள். உறைந்த பறவையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுதியதால் கையெழுத்து கோணியது. உருகிய பனி சொட்டியதால் மை ஊறியது. கோழிப் படம் போட்ட முதல் பக்கத்தைக் கழற்றிவிட்டு, ராஜினாமா வரி அடித்த பக்கத்தை எவனோ முன்னால் சேர்த்திருக்கிறான். மதியம் பன்னிரண்டு மணிக்கு நன்றி. மூன்றரை மணிக்கு வேலைநீக்கம். நன்றிக்கு வாங்கிய கையெழுத்தே தூக்குக்கயிறு. இலவசக் கோழிக்குப் போட்ட கையெழுத்தை எந்த மனிதன் கையெழுத்தென்று நினைவில் வைப்பான்? அந்த மறதியின்மேல்தான் அவர்கள் பந்தயம் கட்டினார்கள்.

"நான் சொன்னேன்ல," என்றான் ராய்ஸ். "கைக்கூலி வாங்காத ஒரே ஆளு இவருதான்னு."

இரண்டு மணிக்கு வெர்னாவின் சமையலறை மேசையில் தொலைபேசி ஒலிபெருக்கியில் வைக்கப்பட்டிருந்தது. விசாரணை அதிகாரி திருமதி ஹென்னிங், ஒவ்வொருவரையும் உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுக்கச் செய்தார். மறுமுனையில் ஆலையின் பணியாளர் மேலாளர் பிரெஸ்டன் லைல். வெண்ணெய் தடவிய குரல். வேறொரு தொலைபேசியில் எம்மெட். அவருக்குப் பின்னால் கொக்கரிப்பு.

"எல்லாரும் அவங்க விருப்பப்படிதான் போட்டாங்க, மேடம்," என்றார் லைல். "ரொம்ப உருக்கமான நாள் அது."

"மிஸ்டர் லைல்," என்றார் டெல்பின் அம்மையார், "கையெழுத்துக்குப் பக்கத்துல இருக்கற எண் என்ன?"

"அது… பணிக்காலம். எத்தனை வருஷம் வேலை பாத்தாங்கன்னு."

"ஒன்பதாவது வரிசைல டஸ்டின் யோடர். எத்தனை?"

"இருபத்திரண்டு."

"உங்க பதிவேட்டுல அவர் வயசு?"

தாள் புரளும் ஒலி. "இருபத்துநாலு."

"ரெண்டு வயசுல சேந்திருக்காரு."

"பால்புட்டியோட," என்றான் ராய்ஸ், தணிந்த குரலென்று எண்ணி.

"யார் அது?" என்றார் அதிகாரி.

"என் உதவியாளர், மேடம். அவர் உறுதிமொழி எடுக்கல."

"எடுக்கவே வேண்டாம்."

"மன்னிக்கணும், தப்பாச் சொல்லிட்டேன்," என்று குறுக்கிட்டார் லைல். "அது லாக்கர் எண்."

"நாலு பேருக்குப் பதினாறு இருக்கே. ஒரே லாக்கர்ல நாலு பேரா?"

"பழைய ஆவணம். சரிபாத்துத்தான் சொல்லணும்."

டெல்பின் அம்மையார் எம்மெட்டைச் சாட்சி சொல்ல அழைத்தார். அவரும் வரிசை, லாரி, அட்டை, எடை என்று அனைத்தையும் சொன்னார். ஆனால் லைல் அசரவில்லை.

"வான்கோழி குடுத்தது உண்மைதான், மேடம். அதுக்குத் தனிப் பட்டியல் இருந்துது. கோழி தீந்ததும் குப்பைல போட்டாச்சு. இது வேற தாள். மிஸ்டர் ஸ்க்ரக்ஸ் அன்னைக்கு வரிசைல நின்னாரா?"

"இல்ல," என்றார் எம்மெட்.

"இந்த வருஷப் பட்டியலைக் கண்ணால பாத்தாரா?"

"பாக்கல."

"அப்ப இவர் சொல்றது ஊகம்," என்றார் லைல்.

"அதைக் குறிச்சுக்கறேன்," என்றார் அதிகாரி. "மிஸ் ஓஸ்ட்ரோவ்ஸ்கி, எண்களைப் பத்தி மிஸ்டர் லைல் தடுமாறினது தெரியுது. ஆனா தடுமாற்றம் மட்டும் போதாது. இது வான்கோழிப் பட்டியல்தான்னு காட்ட வேற என்ன இருக்கு?"

சமையலறையில் சூடு போதவில்லை. வெர்னா மேசை விளிம்பைப் பிடித்திருந்தார். டெல்பின் அம்மையாரிடம் வேறெதுவும் இல்லை. இருபத்தாறு ஆண்டு அனுபவத்தில், இல்லாததை இருப்பதுபோல் காட்டும் வித்தையை மட்டும் அவர் கற்கவில்லை. உள்ளதைக் கேட்டார்.

"வெர்னா, உங்க கோழி எத்தனை பவுண்டு?"

"ஞாபகம் இல்ல, மிஸ் டெல்பின். அதைப் பாக்கவே பிடிக்கல. வந்ததும் தூக்கிப் போட்டுட்டேன்."

"குப்பைலயா?"

"ஃப்ரீசர்ல."

ராய்ஸ் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தான். "திருநாளன்னைக்குச் சாப்பிடலையா?"

"வேலையை விட்டுத் துரத்தினவன் குடுத்த கோழி. தொண்டைல எறங்குமா? அக்கா வீட்டுல மாக்கரோனி சாப்பிட்டேன். அது அங்கேயேதான் கெடக்கு."

அதிகாரியின் பேனா நின்றது கேட்டது. "மிஸ் டிப்டன், நீங்க உறுதிமொழியில் இருக்கீங்க. போய்ப் பாத்து, உறைமேல உள்ள எடையைப் படிங்க."

ஃப்ரீசர் கதவு திறந்தது. பட்டாணிப் பைகள் சரிந்தன. ராய்ஸும் வெர்னாவும் சேர்ந்து ஒரு வெள்ளைப் பாறையை இழுத்து மேசைமேல் வைத்தார்கள். தொலைபேசி ஓர் அங்குலம் துள்ளியது. வெர்னா உள்ளங்கையால் பனியைத் துடைத்தார்.

"பதினாறே கால் பவுண்டு."

"தாளில் பதினாறு," என்றார் அதிகாரி.

"பாத்தீங்களா, பொருந்தல!" லைலின் குரலில் வெண்ணெய் உருகிப்போயிருந்தது. "இது அந்தக் கோழியாவே இருக்காது. தாள்ல பதினாறுன்னா பதினாறே முக்கால் கோழியாக்கூட இருக்கும், நாங்க காலு அரை எல்லாம் எழுதறதே இல்ல—"

அவர் நிறுத்தினார். ஆனால் நிறுத்தும்போது காலம் கடந்துவிட்டிருந்தது.

"மிஸ்டர் லைல்," என்றார் திருமதி ஹென்னிங், ஒரே சீரான குரலில். "லாக்கர் எண்ணுல கால் அரை எங்கேர்ந்து வருது?"

எம்மெட்டின் வீட்டுப் பறவை ஒன்று ஏதோ சொல்லிற்று. அது பதிவில் சேர்க்கப்படவில்லை.

"கோழியோட லேபிளைப் படம் எடுத்து இன்னைக்கே அனுப்புங்க," என்றார் அதிகாரி. "கோழியை அனுப்ப வேண்டாம். தீர்ப்பு தபால்ல வரும். மிஸ் ஓஸ்ட்ரோவ்ஸ்கி, மத்த இருபத்தொன்பது பேர்?"

"யாரும் முறையிடல, மேடம்."

"என் மேசைக்கு வராத வழக்குல நான் எதுவும் எழுத முடியாது. காலம் தாழ்ந்து வந்தா, ஏன் தாழ்ந்துதுன்னு காரணம் கேப்போம். காரணம் இருந்தா எழுதச் சொல்லுங்க."

ஆறாம் நாள் தீர்ப்பு வந்தது. வெர்னா டிப்டன் தாமாக விலகவில்லை; ஆலை அவரை நீக்கியது; முதல் வாரத்திலிருந்தே அவருக்கு உரிமை உண்டு. அவர் கடிதத்தைப் படித்துவிட்டு அழவில்லை. நேரே போய்ப் படுக்கையறையின் சூடேற்றியைத் திருகிவிட்டார்.

அன்று மாலைக்குள் ராய்ஸின் வண்டி ஐந்து வீட்டு வாசல்களில் நின்றுவிட்டது. மூன்று வீட்டில் அந்தத் தாள் இருந்தது. ஒரு வீட்டில் அடுப்பில் போயிருந்தது. ஐந்தாவது வீட்டில் டஸ்டின் யோடர், கதவைப் பாதி திறந்தபடி, "என் கையெழுத்துதானே, இப்ப என்ன பண்ண முடியும்?" என்று கேட்டான்.

தோழர்களே, அந்தக் கேள்வியே இந்த வழக்கின் குற்றவாளி. லைல் வெறும் கருவி. இந்தக் காப்பீடு யாரும் இரங்கிப் போடும் பிச்சையன்று. உழைத்த ஒவ்வொரு நாளும் உங்கள் பெயரால் செலுத்தப்பட்டது. அதை மறுக்கும் கடிதம் இறுதித் தீர்ப்பன்று. எதிர்த்துப் பேச உங்களுக்குத் தரப்பட்ட முதல் வாய்ப்பு. நீங்கள் சாட்சியாக வந்தீர்கள்; சாட்சிக்கு வாய் உண்டு, கால் உண்டு. ஆகவே இந்தப் புத்தகத்தை மூடுங்கள். உங்கள் தெருவில் வேலை இழந்து வாயடைத்து உட்கார்ந்திருப்பவர் எவரென்று உங்களுக்குத் தெரியும். அவர் கதவைத் தட்டுங்கள். மறுப்புக் கடிதத்தை எடுத்துவரச் சொல்லுங்கள். "நான் விலகவில்லை, என்னை விலக்கினார்கள்" என்று அவர் கையால் எழுதவையுங்கள். தபால்பெட்டிவரை அவரோடு நடந்து போங்கள். இன்றைக்கே.